தொட்டிச் சுவர்ப் பாசி

தட்டில் இருந்த நீர்க்கரடிகள் அத்தனையும் ஒரே ஓரமாக ஒதுங்கி நின்றன.

ரெனிட்டா நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுத்து, அந்தச் சின்னக் கண்ணாடித் தட்டை வெறுங்கண்ணால் பார்த்தாள். வெறுங்கண்ணுக்கு அதில் கொஞ்சம் தண்ணீரும் ஒரு சிட்டிகைப் பாசியும்தான் தெரிந்தன. மறுபடி குனிந்தாள். மணல் பொடியைவிடச் சிறிய உயிர்கள். எட்டுக் குட்டைக் கால்கள், காலுக்குக் கால் வளைந்த நகங்கள், உள்ளே இருப்பதெல்லாம் தெரிகிற உடம்பு. தூக்கத்திலிருந்து எழுப்பிவிட்ட குழந்தைகளைப் போலத் தடுமாறித் தடுமாறிப் பாசி இலைகளுக்கு நடுவே ஊர்ந்துகொண்டிருப்பதுதான் அவற்றின் வழக்கம். வருஷக்கணக்காக அவள் பார்த்துவரும் வழக்கம். இன்றைக்கு ஒன்றுகூட ஊரவில்லை. தட்டின் விளிம்பில், அவள் நாற்காலி போட்டிருந்த பக்கமாக, நெருக்கியடித்து நின்று முகத்தைக் கண்ணாடியில் பதித்திருந்தன.

வெளிச்சத்தால் இருக்கும் என்று நினைத்தாள். விளக்கை அணைத்து, தட்டை அரை வட்டம் திருப்பி வைத்துவிட்டு, வராந்தாவுக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். குழாயில் வந்த தண்ணீர் கொதித்தது. திரும்பி வந்து பார்த்தபோது அவை தட்டைக் குறுக்காகக் கடந்து, மறுபடியும் அவள் பக்கமே வந்து நின்றிருந்தன.

அது இரண்டாயிரத்து ஐந்தாம் வருஷத்து மே மாதம். வேலூரில் அக்கினி நட்சத்திரம் தொடங்கி, பகல் முழுவதும் தெருநாய்கூடச் சாக்கடைப் பாலத்தை விட்டு வெளியே வராத வெயில். கல்லூரிக்கு விடுமுறை விட்டிருந்தார்கள். விலங்கியல் துறையின் கீழ்த்தளத்துக் கடைசி அறையில் விரிவுரையாளர் ரெனிட்டாவும், ஃபார்மலின் சீசாக்களில் வெளுத்துப்போன தவளைகளும் பாம்புகளும், தலைக்கு மேலே எங்கோ இடித்து இடித்துச் சுற்றும் மின்விசிறியும்தான். காலையில் கொஞ்ச நேரம் லாங் பஜாரின் இரைச்சல் எட்டும். வெயில் ஏற ஏற அதுவும் அடங்கிவிடும். அதன் பிறகு அந்தக் கட்டிடத்தில் ஒரு சத்தம் கேட்டால் அது அவள் எழுப்பிய சத்தமாகத்தான் இருக்க வேண்டும்.

நீர்க்கரடிகளை இனம் பிரித்துச் சொல்வதுதான் அவள் வேலை. பாசியில் வாழும் இந்தப் பிராணிகளைப் பார்வைக்கு ஒன்றிலிருந்து ஒன்று பிரிப்பது லேசில்லை. நகத்தின் வளைவு, வாய்க்குழாயின் அகலம், முட்டை ஓட்டின் மேல் துருத்தும் முட்களின் வடிவம் என்று ஒவ்வொன்றாக அளக்க வேண்டும். அப்படி அளந்தும் அச்சு அசலாக ஒரே மாதிரி இருக்கும் இரண்டு இனங்கள் உண்டு என்பதால், உருவம் மட்டும் போதாது, மரபணுவையும் காட்டு என்று வெளிநாட்டு ஆய்விதழ்கள் கேட்க ஆரம்பித்திருந்தன. அவளிடம் இருந்தது உலகத்தில் யாரும் இன்னும் பெயர் வைக்காத இனம். அதன் முட்டையில் முட்களே இல்லை. ஓடு முழுக்க உருண்டை உருண்டையான சின்ன மேடுகள், ஒவ்வொரு மேட்டிலும் சுழிசுழியாக மெல்லிய ரேகைகள். விரல் நுனிகளை நெருக்கி அடுக்கியது மாதிரி இருக்கும். கட்டுரையை அனுப்பி, மரபணு விவரத்தைச் சேர்த்தால் வெளியிடுகிறோம் என்று பதிலும் வந்துவிட்டது.

கட்டுரையில் ஒரே ஒரு பொய் இருந்தது. பாசி கிடைத்த இடம், ஒடுகத்தூருக்கு மேலே காட்டோரத்துப் பாறை என்று எழுதியிருந்தாள்.

தட்டை மூடி வைக்கக் கையை நீட்டியபோது மூக்கில் ஏதோ உறைத்தது. முதலில் சுண்ணாம்பு. அதற்கு அடியில், சுண்ணாம்பில் ஊறி மயிர் கழன்ற தோலின் வழவழத்த நெடி. அதற்கும் அடியில், மெதுவாக, அழுகிய முட்டை. ரெனிட்டா ஜன்னலைப் பார்த்தாள். சாத்தியிருந்தது. தோல் பதனிடும் ஆம்பூர் ஐம்பது கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தது.

அன்று சாயங்காலம் சோபனா ஐதராபாத்திலிருந்து பேசினாள். கல்லூரிக் காலத்துத் தோழி. அங்கே ஒரு மரபணு ஆய்வகத்தில் வேலை. ரெனிட்டா அனுப்பும் நீர்க்கரடிகளின் மரபணுவைப் படித்துச் சொல்வது அவள்தான். போன மாதம் முதல் தடவை அனுப்பியபோது, "மனுஷ டிஎன்ஏ வருதுடி, கைய கழுவிட்டு எடுக்க மாட்டியா?" என்று சிரித்திருந்தாள். அதனால் இரண்டாம் தடவை ரெனிட்டா புதுக் கையுறை போட்டு, காய்ச்சி ஆற்றிய தண்ணீரில் ஒவ்வொன்றையும் மூன்று முறை அலசி, தனித்தனிக் குப்பியில் இட்டு அனுப்பினாள். ஒப்பிட்டுப் பார்க்கத் தன் எச்சிலையும், கல்லூரி மதில் பாசியிலிருந்து எடுத்த நீர்க்கரடியையும் கூடவே வைத்திருந்தாள்.

இப்போது சோபனா சிரிக்கவில்லை.

"உங்க காலேஜ் மதில்ல எடுத்தது கரெக்டா நீர்க்கரடி. மெஷின்ல கோளாறு இல்ல. ஆனா அந்தப் புதுப் பாசியில இருந்து எடுத்து அனுப்புன அத்தனைலயும் மனுஷன்தான் வருது ரெனி. எல்லாம் ஒரே ஆள்."

"என்னோடதா இருக்கும்."

"அதான் சொல்ல வர்றேன். உன்னோடது இல்ல. நான் ரெண்டு தடவ பார்த்துட்டேன். அந்தப் பாசிய எடுத்தப்ப உன்கூட யாரு இருந்தா?"

"யாரும் இல்ல. நான்தான் எடுத்தேன்."

அத்தனை வேகமாகப் பதில் சொல்லியிருக்க வேண்டியதில்லை என்று போனை வைத்த பிறகு தோன்றியது.

அவள் எடுக்கவில்லை. எடுத்தவன் நவநீதன்.

இரண்டு வருஷத்துக்கு முந்தைய கதை அது. ஆம்பூரைத் தாண்டிப் பாலாற்றங்கரையில், தோல் பதனிடும் ஒரு பழைய டேனரி, கழிவுநீருக்கு வழி செய்யாததால் கோர்ட்டு உத்தரவில் பூட்டப்பட்டுக் கிடந்தது. உப்பும் ரசாயனமும் ஊறிய அந்தச் சுவர்களில்கூடப் பாசி வளர்கிறது என்று கேள்விப்பட்டு, அதில் என்ன உயிர் இருக்கும் என்று பார்க்க ரெனிட்டா ஆசைப்பட்டாள். உரிமையாளர் அனுமதி தரவில்லை. ஆம்பூர் பேருந்து நிலையத்தில் ஏறிய ஆட்டோவின் டிரைவரிடம் சும்மா விசாரித்தாள். மெலிந்த பையன், சிரித்தால் ஈறு தெரியும்.

"நான் அங்கதான்கா ரெண்டு வருஷம் வேலை செஞ்சேன். பின்னால சுவரு இடிஞ்சி கெடக்குது. யாரு பார்க்கப் போறாங்க? வாங்க, காட்டறேன்."

முட்செடிகளைத் தாண்டி உள்ளே போனார்கள். பின்பக்கத்தில் தரைக்கு அடியில் கட்டிய கழிவுத் தொட்டி ஒன்று, மூடி உடைந்து வாய் பிளந்து கிடந்தது. உள்சுவரில் இரும்புப் படிகள். அவற்றைச் சுற்றிச் சுற்றிக் கரும்பச்சையாகப் பாசி. அடியில் கறுத்து வெடித்த சேறு, மேலே காய்ந்து ஓடு கட்டியிருந்தது. நவநீதன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினான். ஒரு கவர் நிறையச் சுரண்டிக்கொண்டு மேலே வந்தான்.

"போதுமாக்கா?"

போதும். அந்த ஒரு கவர் போதுமானதாக இருந்திருக்கும். ஆனால் ரெனிட்டா குனிந்து பார்த்தபோது, சேற்றுக்கு ஒரு முழம் மேலே, வேறு நிறத்தில் ஒரு திட்டு தெரிந்தது. களிம்பேறிய செம்பின் நிறம். அப்படி ஒரு பாசியை அவள் எங்கேயும் பார்த்ததில்லை.

"அடியில ஒண்ணு வேற நிறத்துல இருக்கு பாரு. அது மட்டும்."

"நாத்தம் ஜாஸ்தியா இருக்குதுக்கா."

"ஒரே நிமிஷம், நவநீதன்."

அவன் போனான். சுரண்டினான். கவரைக் கைக்குட்டையில் சுருட்டி மேலே எறிந்தான். அவள் பிடித்தாள். அடுத்த கணம் அவன் கால் படியிலிருந்து வழுக்கி, சேற்றின் ஓட்டில் இறங்கியது. அப்பளம் நொறுங்கும் சத்தம். கீழேயிருந்து அழுகிய முட்டை நாற்றம் ஒரு சுவரைப் போல எழுந்தது. அவன் அண்ணாந்து பார்த்து, "அக்கா" என்றான். இன்னொரு தடவை சொல்ல ஆரம்பித்தான், அதை முடிக்கவில்லை.

இறங்கினால் தானும் சாவோம் என்று அவளுக்குத் தெரியும். அது உண்மை. பின்னாளில் எத்தனையோ ஜெபங்களில் அந்த உண்மையைத்தான் கர்த்தரின் முன்னால் எடுத்து எடுத்து வைத்தாள். ஆனால் சாலையோரத்தில் ஒரு டீக்கடை இருந்தது. பெஞ்சில் நான்கைந்து ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஓடிவந்த அவள் அவர்களை நோக்கி வாயைத் திறந்தாள். அனுமதியில்லாத இடம், கல்லூரி, போலீஸ் என்று வரிசையாக மனதில் ஓடியது. அந்த நேரம் பார்த்து வேலூர் பேருந்து வந்தது. அவள் கை நீண்டது. பேருந்து நின்றது. உட்கார்ந்த பிறகுதான் மடியில் அந்தக் கைக்குட்டை ஈரமாக இருப்பதைப் பார்த்தாள்.

இரும்பு திருட இறங்கிய ஆட்டோ டிரைவர் விஷவாயு தாக்கிச் சாவு என்று பேப்பரில் வந்தது. ஒடுகத்தூர்ப் பக்கத்துக் கிராமத்தைச் சேர்ந்தவன் என்று போட்டிருந்தார்கள். கட்டுரைக்கு ஒரு பொய்யான இடம் தேவைப்பட்டபோது, அந்த ஊர்ப்பெயர்தான் அவள் பேனாவில் தானாக வந்தது.

சோபனா பேசியதற்கு மறுநாள் ரெனிட்டா அந்தப் பாசியை அழித்துவிடுவது என்று தீர்மானித்தாள். கட்டுரை போனால் போகட்டும். தட்டைச் சூட்டடுப்பில் வைத்துத் தண்ணீர் வற்றும்வரை காய விட்டாள். நீர்க்கரடிகள் கால்களை உள்ளிழுத்து, பீப்பாய் போலச் சுருங்கி, தூசி போலக் கிடந்தன. காய்வது அவற்றுக்குச் சாவில்லை. அது அவளுக்குத் தெரியாததல்ல; மாணவிகளுக்கு வருஷா வருஷம் அவள்தான் சொல்லிக்கொடுக்கிறாள். ஈரம் வரும்வரை காத்திருக்கும், அவ்வளவுதான். அதனால் மேலே ஃபார்மலினை ஊற்றினாள். அதில் எதுவும் பிழைக்காது. காலையில் வந்து பார்த்தபோது ஃபார்மலின் நெடியே இல்லை. தட்டில் தெளிந்த தண்ணீர். விளிம்பில், அவள் பக்கமாக, முகங்கள்.

கல்லூரிக் காவலாளி அந்தோணி வாசலில் வந்து நின்றார்.

"மேடம், உள்ள பைப்பு ஏதாச்சும் லீக் ஆவுதா? உங்க ரூமு சுவரு வெளிப்பக்கம் பச்சை புடிச்சிட்டு இருக்குது. இந்த வெயில்ல எப்டின்னு புரியல."

"பைப்பே இல்லையே இந்தப் பக்கம்."

"அதான் நானும் பார்த்தேன்." அவர் தயங்கினார். "நேத்து நீங்க பூட்டிட்டுப் போனப்புறம் யாரோ இருமற மாதிரி இருந்துது. ஃபேனை நிறுத்தாம போய்ட்டீங்களோன்னு ஜன்னல் வழியா பார்த்தேன். ஃபேனு ஓடல."

அவர் போன பிறகு ரெனிட்டா வெளியே சுற்றிவந்து பார்த்தாள். அடித்தளத்திலிருந்து ஜன்னல் விளிம்பு வரைக்கும், வெயில் நேராக விழும் சுவரில், ஈரமாக, மெத்து மெத்தென்று பாசி. களிம்பேறிய செம்பின் நிறம். விரல் வைத்தாள். குளிர்ந்திருந்தது. விரலை எடுத்த இடத்தில் பள்ளம் விழுந்து, மெதுவாக நிமிர்ந்து, சமமானது.

உள்ளே வந்து, அலமாரியிலிருந்த நுண்ணோக்கிக் கண்ணாடிச் சில்லுகளை எடுத்தாள். இவையாவது மாறாதவை. போன வருஷம் அவளே கொன்று, பிசினில் பதித்து, மேலே மெல்லிய கண்ணாடி ஒட்டி முத்திரை வைத்தவை. நகங்களை அளப்பதற்காக வைத்திருந்த செத்த உடல்கள். ஒன்றை நுண்ணோக்கியின் அடியில் வைத்துக் குவியத்தைச் சரிசெய்தாள். முதல் கால். இரண்டாம் கால். நகம்.

நகம் அசைந்தது.

அவள் கை பட்டு ஆடியிருக்கும். கையை எடுத்தாள். மூச்சை நிறுத்தினாள்.

நகம் மடங்கியது. விரிந்தது. மறுபடி மடங்கியது. கண்ணாடியை உள்ளிருந்து சுரண்டியது.

அடுத்த சில்லு. அதுவும். அதற்கடுத்தது. அதுவும். பெட்டியிலிருந்த அத்தனை சில்லுகளிலும், பிசினுக்குள் அழுந்திக் கிடந்த அத்தனை உடல்களும், அவசரமே இல்லாமல், மேலே வர வழி தேடிக்கொண்டிருந்தன. காதை அருகில் கொண்டுபோனால் சத்தம்கூடக் கேட்கும் போலிருந்தது.

அவள் காதைக் கொண்டுபோகவில்லை.

பெட்டியை மூடி அலமாரியில் வைத்துப் பூட்டினாள். ஜெபிக்க வாய் வரவில்லை. பிறகு, பயந்துபோன மனம் பிடித்துக்கொள்ள ஒரு துரும்பைத் தேடியது, தேடிக் கண்டும்பிடித்தது. சோபனா படித்த மரபணு, தாயிடமிருந்து பிள்ளைக்கு அப்படியே வருவது. நவநீதனின் தாயுடைய எச்சிலை எடுத்து அனுப்பினால் போதும். பொருந்தாது. பொருந்தவே பொருந்தாது. யாரோ கடைக்காரன் கவரைத் தொட்டிருப்பான், மற்றதெல்லாம் தூக்கம் கெட்ட தன் கண்ணின் கோளாறு என்று ஆகிவிடும். அதை நிரூபிக்கத்தான் போகிறேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, மறுநாள் காலை பஞ்சுக் குச்சியையும் ஒரு குப்பியையும் பையில் போட்டுக்கொண்டு ஒடுகத்தூர் பேருந்தில் ஏறினாள். அணைக்கட்டு தாண்டியதும் ஜன்னல் வழியே வந்த காற்று அடுப்பு வாயைத் திறந்ததுபோல அடித்தது. அறுவடை முடிந்த வேர்க்கடலைக் கொல்லைகள் சிவப்பாக வெடித்துக் கிடந்தன. மலைகூட வெயிலில் வெளுத்திருந்தது.

நவநீதன் வீடு என்று கேட்டதற்கு ஊர் முனையில் ஒருவன், "திருடன் ஊடா?" என்று கேட்டுவிட்டுக் கையைக் காட்டினான்.

நவநீதனின் தாய் மீனாம்பாள் ஐம்பது வயதுப் பெண். கூலி வேலைக்குப் போய்க் காய்ந்த உடம்பு. மகனுக்கு இருந்த அதே ஈறு தெரியும் சிரிப்பு. சுகாதாரக் கணக்கெடுப்பு, எச்சில் பரிசோதனை என்று ரெனிட்டா சொன்னதை அப்படியே நம்பினாள்.

"இன்னாம்மா இந்த வெயில்ல நடந்து வந்துட்ட? மொகமெல்லாம் செவந்து போச்சு. உள்ள வா, ஒக்காரு. எச்சிலுதானே, எடுத்துக்க. ரத்தம்னாதான் எனக்கு பேஜாரு."

சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். சுவரில் மகனின் படம், ஆட்டோவில் சாய்ந்து நின்றபடி. ரெனிட்டா படத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். மீனாம்பாள் அவள் பார்வை போகாத இடத்தையே பார்த்துப் பேசினாள்.

"எம்புள்ள. ரெண்டு வருஷமாச்சு. திருடப் போனான்னு எழுதிட்டாங்க. அவன் ஒருத்தர் பொருளைத் தொட்டவன் இல்லம்மா. அன்னிக்கு யாரோ ஒரு படிச்ச பொண்ணு அவன் வண்டியில ஏறிச்சாம். கூட ஸ்டாண்டுல இருந்த ஹயாத் பாஷான்ற புள்ள பார்த்திருக்குது. போலீசு அதை எழுதிக்கவே இல்ல. அந்தப் பொண்ண நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். எங்கனா நல்லா இருக்கட்டும். ஒரே ஒரு தடவ வந்து, நான்தான் கூட்டிட்டுப் போனேன்னு இந்த ஊர்ல நாலு பேர் முன்னாடி சொல்லிட்டா போதும். இவன் தங்கச்சிக்கு வர்ற மாப்ள எல்லாம் திருடன் ஊடுன்னு திரும்பிப் போவுது."

ரெனிட்டாவின் உதடு பிரிந்தது. இந்த இடத்தில், இந்த ஒரு வாக்கியத்துக்கு அடுத்து, சொல்லிவிடலாம். வாசலில் கோழி ஒன்று மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது. சொல்லிவிடலாம்.

"வாயை நல்லாத் திறங்கம்மா" என்றாள்.

குச்சியைக் குப்பியில் போட்டு மூடி எழுந்தபோது மீனாம்பாளும் குடத்தை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "நானும் வர்றேன். பஸ்ஸு நிக்கிற எடத்துக்குப் போற வழிதான். அவனுக்குத் தண்ணி ஊத்தணும்."

"யாருக்கு?"

"எம்புள்ளைக்கு. எரிக்க வேணாம்னுட்டேன். மூச்சு முட்டிச் செத்தவனை பொகைல வேற போடணுமா? கொல்லை ஓரத்துல பொதைச்சோம். கனவுல வந்து காயுதும்மா, காயுதும்மான்றான். அதான் டெய்லி உச்சி வெயிலுக்கு ஊத்திடறேன். முன்னெல்லாம் ஒரு கொடம் போதும். இப்ப பத்தல. ஜாஸ்தி குடிக்கறான்."

அடிபம்பில் குடத்தை நிரப்பிக்கொண்டு அவள் முன்னால் நடந்தாள். ரெனிட்டா பின்னால் நடந்தாள். நடக்காமல் இருக்க ஒரு காரணமும் சொல்ல முடியவில்லை. கொல்லை முழுவதும் காய்ந்த செம்மண். ஒரு புல் இல்லை. வானத்தில் ஒரு பறவை இல்லை. கொல்லையின் கடைக்கோடியில், அத்தனை வெயிலுக்கும் நடுவில், அந்த இடம் மட்டும் பச்சையாக இருந்தது.

அருகில் போகும் முன்பே அவளுக்கு நிறம் தெரிந்துவிட்டது. அந்தத் தொட்டியையும் அவள் அறைச் சுவரையும் தவிர உலகத்தில் வேறெங்கும் இல்லாத நிறம். அவன் நகக்கண்ணில் ஒட்டிக்கொண்டு வந்திருக்கும். அவன் மூச்சில் உள்ளே போயிருக்கும். கனத்த மெத்தை போல மேடாக வளர்ந்திருந்தது. ஒரு மனிதனுக்குத் தோண்டும் குழியைவிட நீளமாக இருந்தது. அகலமாகவும் இருந்தது.

"அம்மா," என்றாள் ரெனிட்டா. "தண்ணி ஊத்தாதீங்க."

மீனாம்பாள் குடத்தோடு திரும்பினாள். "ஏம்மா?"

ஏன் என்று சொல்ல வேண்டுமானால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். பாசியை, தொட்டியை, பேருந்தை. ரெனிட்டா தலையை ஆட்டினாள். ஒன்றுமில்லை என்பது போல.

தண்ணீர் விழுந்தது. ஒரு சொட்டும் வழிந்தோடவில்லை. கீழே எங்கோ மொடக், மொடக் என்று சத்தம் கேட்டது. சுருண்டிருந்த பாசி இலைகள் ஒவ்வொன்றாக விரிந்தன. ஆயிரம் தடவை கண்ணாடிக்கு அடியில் அவள் பார்த்த அசைவு. அப்போது அவளுக்கு அது அழகாக இருந்தது.

மீனாம்பாள் இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்கினாள். "தலை சுத்துது. நான் இங்கியே செத்த சாயறேன். இன்னொரு கொடம் புடிச்சிட்டு வந்துடறியா கண்ணு?"

குடம் கைக்கு வந்துவிட்டது. பம்பு சாலையோரத்தில் இருந்தது. தூரத்தில் புழுதி கிளப்பிக்கொண்டு ஒரு பேருந்து வருவது தெரிந்தது. ரெனிட்டா பம்பை அடித்தாள். பேருந்து வந்தது. வேகத்தைக் குறைத்தது. டிரைவர் அவளைப் பார்த்தார். அவள் பம்பை அடித்துக்கொண்டே இருந்தாள். பேருந்து போய்விட்டது. நிரம்பிய குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, தண்ணீர் அலம்பிப் புடவையை நனைக்க, கொல்லையில் திரும்பி நடந்தாள்.

மீனாம்பாள் பச்சை மேட்டின் மேல் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். கன்னம் பாசியில் பதிந்திருந்தது. தூங்கும் பிள்ளையை அணைப்பதுபோல ஒரு கையை மேட்டின் குறுக்கே போட்டிருந்தாள்.

அந்தக் கை உயர்ந்தது. தாழ்ந்தது.

மீனாம்பாளின் முதுகும் மூச்சில் உயர்ந்து தாழ்ந்தது. வேறு தாளத்தில்.

கை உயர்ந்தது. தாழ்ந்தது.

வெயில் மீனாம்பாளின் முகத்துக்கு நேராக அடித்தது. பாசியில் கிடந்த அவள் முந்தானை மெல்ல நகர்ந்தது. காற்று இல்லை. கீழேயிருந்து யாரோ பிடித்து இழுப்பதுபோல, கொஞ்சம் கொஞ்சமாக, ஏறி, அவள் கண்களை மூடி வெயிலை மறைத்தது. நின்றது.

"வந்துட்டியா?" முந்தானைக்கு உள்ளிருந்து மீனாம்பாளின் குரல், பாதித் தூக்கத்தில். "ஊத்தும்மா. காத்துட்டு இருக்கான்."

ஓடலாம். சாலை இருக்கிறது. குடத்தைப் போட்டுவிட்டு ஓடலாம்.

ரெனிட்டா குடத்தைச் சாய்த்தாள்.

தண்ணீர் தரையில் விழும் சத்தம் கேட்கவில்லை. பாசி பிளந்திருந்தது. உள்ளிருந்து இரண்டு கைகள் மணிக்கட்டு வரை எழுந்து, ஒன்றோடொன்று சேர்ந்து, குவிந்து, ஒரு சொட்டும் சிந்தாமல் ஏந்திக்கொண்டன. பச்சை படிந்த கைகள். நகங்கள் மட்டும் வெள்ளையாக, நீர்க்கரடியின் நகம்போல வளைந்து. நிரம்பியதும் உள்ளே போயின. மொடக், மொடக். வெறுமையாகத் திரும்பி வந்து, மறுபடி குவிந்தன.

அவள் ஊற்றிக்கொண்டே இருந்தாள்.

அவற்றுக்குக் கொஞ்சம் கீழே, மேட்டின் நடுவில், பாசி இன்னோர் இடத்தில் பிளந்தது. இன்னும் இரண்டு கைகள் வந்தன. அவையும் குவிந்தன.

அதற்குக் கீழே, மீனாம்பாளின் கால்மாட்டில், பாசி அசைய ஆரம்பித்தது.